கொண்டைக் குருவிக்கு நான் கொடுத்த பாதுகாப்பு

துறைமுகத்தில் விபத்துத் தடுப்புப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். எங்கே யார் வழுக்குவார், எந்தக் கயிறு அறும் என்று முன்கூட்டியே பயப்படுவதற்காகச் சம்பளம் வாங்கியவன். ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றது, பயம் நிற்கவில்லை. அதைச் செலவழிக்க எனக்கு ஒரு வழி வேண்டியிருந்த நேரத்தில்தான், உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டுக்கு மகள் பிள்ளைப்பேற்றுக்காக வந்து சேர்ந்தாள்.

முதல் பிள்ளை அவளுக்குத் தங்கவில்லை. அதனால் இந்த முறை நான் வீட்டையே துறைமுகமாக்கினேன். குசினி வாசலில் வழுக்காத மிதியடி போட்டேன். படிகளின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடித்தேன். முச்சக்கர வண்டியில் ஏறக்கூடாது, இருக்கிற வாங்கில் ஏறி நிற்கக்கூடாது, கடற்கரைக்குப் போகக்கூடாது, மாமரத்துக்குக் கீழே நிற்கக்கூடாது.

"மரத்திலை மாங்காயே இல்லையேப்பா" என்றாள் மகள்.

காய்க்கத் தொடங்கினால் என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய அறையோடு சேர்த்து ஒரு குளியலறை கட்டுவது என் அடுத்த திட்டம். அதற்காகப் பின்வளவில் இருந்த பழைய கொட்டிலைப் பிரிக்க மேசனைக் கூப்பிட்டேன். கொட்டிலுக்குள் உடைந்த கதிரைகள், காய்ந்துபோன பெயின்ட் டின்கள், ஆணியில் சுருட்டித் தொங்கவிட்ட தண்ணீர்க் குழாய். அந்தக் குழாய்ச் சுருளுக்குள் ஒரு கொண்டைக் குருவி கூடு கட்டி அடைகாத்துக்கொண்டிருந்தது. தலையில் கறுப்புக் கொண்டை, வாலடியில் சிவப்பு. அது எழும்பாமல் எங்களையே பார்த்தது. மேசன் இடிக்க எடுத்த அலவாங்குக் கம்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"வீட்டிலை பிள்ளைத்தாச்சி இருக்கிறா. நான் கூட்டிலை கை வைக்கமாட்டன் ஐயா. குஞ்சு பறந்தாப் பிறகு சொல்லி அனுப்புங்கோ."

இது மூடநம்பிக்கை என்று அவருக்கு விரிவாக விளக்கினேன். தேத்தண்ணீர் முடியும்வரை மரியாதையாகக் கேட்டிருந்துவிட்டு அவர் போய்விட்டார். மனைவி அவர் பக்கம். மகள் யார் பக்கமும் சேரவில்லை. ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிலுக்கு எதிரே போட்டு இருந்துவிட்டாள். அவள் கதிரையைத் தூக்கியதற்கு நான் போட்ட சத்தத்தில் குருவி எழுந்து பறந்தே போய்விட்டது. நல்லகாலம், திரும்பி வந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் முட்டைகள் இருக்கின்றனவா என்று போய்ப் பார்த்தவன் நான்தான். அதற்கடுத்த நாளும் நான்தான். அந்த முட்டைகளுக்கு ஒன்று நடந்தால் மகளுக்கும் நடந்துவிடும் என்று எனக்குள் ஒரு எண்ணம் ஏறி உட்கார்ந்துவிட்டது. மேசனுக்குச் சொன்ன விளக்கத்தை எனக்கே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

குஞ்சு பொரித்த அன்று அயல்வீட்டுப் பூனை கொட்டில் கூரையில் நடந்து திரிந்தது. என் சேவைக்கால அனுபவம் முழுவதும் விழித்துக்கொண்டது. பக்கத்து ஊரான சல்லியில் மீன்பிடிக்கிற நண்பரிடம் போய்ப் பழைய தங்கூசி நைலோன் வலையில் ஒரு துண்டு கேட்டேன்.

"என்னத்துக்கண்ணை?"

"பூனைக்கு."

"பூனை பிடிக்கவோ?"

"மறிக்க."

அவர் யோசித்துவிட்டு எடுத்துத் தந்தார். "நல்ல வலை. தண்ணிக்குள்ளை மீனுக்குக்கூடத் தெரியாது."

நான் அதை வலைக்கான பாராட்டாக மட்டுமே கேட்டேன்.

கதவில்லாத கொட்டில் வாசலை அந்த வலையால் இழுத்துக் கட்டி, குருவி போய்வர மேலே ஒரு முழம் இடைவெளி விட்டேன். அந்த வழியாகத்தான் வர வேண்டும் என்று குருவிக்கு யார் சொல்வது என்பதை நான் யோசிக்கவில்லை. துறைமுகமாக இருந்தால் ஒரு அறிவித்தல் பலகை நட்டிருப்பேன்.

மத்தியானம் மகள் கூப்பிட்டாள். "அப்பா, கெதியா வாங்கோ. கத்தரிக்கோலும் கொண்டு வாங்கோ."

குஞ்சுகளுக்கு இரை கொண்டுவந்த குருவி வலையில் தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்திலும் சிறகிலும் தங்கூசி சுற்றியிருந்தது. திமிறத் திமிற இறுகியது. உள்ளே குஞ்சுகள் கத்தின. எந்த இழையை முதலில் வெட்டுவது என்று தெரியாமல் நான் கத்தரிக்கோலைக் குருவியின் கழுத்துக்கே கொண்டுபோனேன்.

"இஞ்சை தாங்கோ" என்று மகள் பறித்தாள்.

நான் தடைசெய்திருந்த வாங்கில் நிறைவயிற்றோடு ஏறி நின்று, குருவியைக் கையில் பொத்திப் பிடித்து, ஒவ்வொரு இழையாக வெட்டினாள். நான் வாங்கின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் கையைத் திறந்ததும் குருவி வேலிக்கு அப்பால் போய் மறைந்தது.

வலையை அறுத்து எறிந்துவிட்டுக் காத்திருந்தோம். குஞ்சுகள் கத்திக் கத்தி ஓய்ந்தன. "இனி வராது, பிள்ளை" என்றேன். கூட்டுக்குக் கிட்டப் போய்ப் பார்ப்போம் என்று எழும்பினேன்.

"இருங்கோ அப்பா."

இருந்தேன். ஒன்றுமே செய்யாமல் இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெயில் மாமரத்துக்குப் பின்னால் சாய்ந்தபோது குருவி வந்தது. கூரை விளிம்பில் இருந்து எங்களைப் பார்த்தது, முக்கியமாக என்னை. பிறகு உள்ளே போனது. குஞ்சுகளின் சத்தம் மறுபடி கேட்டது.

மகள் எழுந்து செருப்பைப் போட்டாள்.

"நான் கடற்கரைக்குப் போயிட்டு வாறன்."

"மண்ணிலை கால் புதைஞ்சு..." என்று தொடங்கினேன்.

"எனக்கும் பயம்தான் அப்பா. போன முறை நான் ஒரு இடமும் போகேல்லை. கட்டிலிலைதானே கிடந்தனான்."

நான் எழும்பி என் செருப்பைத் தேடினேன்.

"வாறதெண்டால் வாங்கோ. என்ரை கையைப் பிடிக்காமல் வாங்கோ."

குடையையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். ஈர மணலில் ஓரிடத்தில் அவளுக்குக் கால் சறுக்கியது. என் கை தானாக நீண்டது. அதை இழுத்துக் குடைக்கம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் நிதானித்து நின்று, பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.