மேட்டுக்கு மேலே பாதி, கீழே பாதி

லாரியை ஏன் விற்றேன் என்று நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் கேட்டதே இல்லை. உங்கம்மாவிடம்தான் கேட்டீர்கள். "புகை ஜாஸ்தியா வந்துது, கவர்மெண்டுல வேணாம்னுட்டாங்க" என்று அவள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அது பொய் இல்லை. ஆனால் அவ்வளவுதானா என்றால், அவ்வளவு மட்டும் இல்லை. நான் ஒன்பதாவதோடு நின்றவன். கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அந்த லாரியைப் பற்றி உங்களுக்கு ஞாபகம் இருப்பது அதன் புகைதான். மணிமுத்தாற்றுப் பாலத்து ஏற்றத்தில் கியர் மாற்றும்போது கறுப்பாக ஒரு மூட்டை புகை விடும். அதைப் பார்த்ததும் நீங்கள் வாசலுக்கு ஓடி வருவீர்கள். உங்கம்மா கொடியில் காய்கிற துணியை உருவிக்கொண்டு உள்ளே ஓடுவாள். ஒரே புகைக்கு ஒருத்தர் வெளியே, ஒருத்தர் உள்ளே. எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். பழைய வண்டி, இன்னொருத்தர் ஓட்டித் தள்ளியதை நான் வாங்கியது. ஆனாலும் சொந்த வண்டி. எப்போது கிளம்ப வேண்டும், எங்கே நிறுத்திச் சாப்பிட வேண்டும் என்று எவனும் எனக்குச் சொன்னதில்லை.

பெங்களூருக்கு ஊறுகாய் ஜாடி ஏற்றுவதுதான் என் பிழைப்பு. நம் ஊர் பீங்கான் கம்பெனி ஒன்றிலிருந்து பல வருஷமாக நான்தான் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஜாடி லோடு மற்ற லோடு மாதிரி இல்லை. நெல் மூட்டை என்றால் பாதி ஏற்றலாம், கால்வாசி ஏற்றலாம், கேட்க ஆளில்லை. ஜாடியை அப்படி ஏற்ற முடியாது. அடியில் வைக்கோல், இடையில் வைக்கோல், மேலே வைக்கோல் என்று திணித்து, பாடி முழுக்க நிறைத்தால்தான் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு போய்ச் சேரும். கொஞ்சம் இடம் விட்டாலும் ஆடி ஆடி மோதி உடைந்துவிடும். அதற்கென்றே நாலைந்து பெண்கள் கம்பெனியில் இருந்தார்கள். முழங்காலால் அழுத்தி அழுத்தி அடுக்குவார்கள். "ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுல காலையில நிக்கிற மாதிரி நெருக்கி வெச்சிருக்கோம் டிரைவரே, எவனும் கீழ விழ முடியாது" என்று ஒரு அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லும். ஒவ்வொரு தடவையும் நானும் சிரிப்பேன்.

அந்தக் காலத்தில்தான் புகைக் கெடுபிடி ஆரம்பித்தது. முன்பெல்லாம் புகை சர்டிபிகேட் என்றால் கண்ணாடியில் ஒட்டுகிற ஒரு காகிதம். பிறகு நிஜமாகவே மிஷினைப் புகைக்குழாயில் செருகிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெரிய ஊர்களுக்குள் நுழைகிற இடத்தில் பழைய வண்டியாகப் பார்த்து ஓரங்கட்டினார்கள். சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் புகையை எல்லாரையும் விட அதிகமாகக் குடித்தவன் நான்தான். ஆனால் புது வண்டி வாங்குகிற வசதி இருந்தவர்கள் தப்பித்தார்கள். என்னைப் போல ஒற்றை வண்டி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருத்தராக விற்றுவிட்டு, டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் டிரைவராகப் போய்ச் சேர்ந்தார்கள். ஜங்ஷன் பக்கம் லாரி ஸ்டாண்டில் காலையில் டீ குடிக்கும்போது பேச ஆள் குறைந்துகொண்டே வந்தது. என் கிளீனரும் திருப்பூருக்குப் போய்விட்டான். தனியாகத்தான் ஓட்டினேன்.

ஒருநாள் ஜாடிக் கம்பெனி முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. பெங்களூர் வியாபாரி போன் பண்ணினாராம். புகை விடுகிற வண்டியைப் பிடித்து நிறுத்தினால் சரக்கும் அதோடு சேர்ந்து நின்றுவிடுகிறது, இனி அந்த மாதிரி வண்டியில் அனுப்ப வேண்டாம் என்றாராம். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"புகை இல்லாம ஒரு நடை போய்ட்டு வாப்பா. அப்புறம் அவருகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஒரு நடை. அது சரியாகப் போனால் லோடு எனக்கு, லாரியும் எனக்கு. இல்லாவிட்டால் இரண்டும் இல்லை. எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

பாலக்கரையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருந்தார். என் வயசுதான், மச்சான் என்றுதான் பேசிக்கொள்வோம். அவர் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது இன்ஜின் இல்ல மச்சான், செங்கல் சூளை" என்றார். நாசிலைப் புதிதாக மாற்றினார். அப்புறமும் புகை நிற்கவில்லை. கடைசியில் டீசல் பம்ப்பில் இருக்கிற திருகைக் குறைத்து வைத்தார். இன்ஜினுக்குப் போகிற டீசல் குறைந்தால் புகையும் குறையும். இழுக்கிற பலமும் குறையும், ஆனால் கொஞ்சம்தான் என்றார். நான் காலி வண்டியைப் பெண்ணாடம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். கரும்பு டிராக்டர்களை எல்லாம் தாண்டிக்கொண்டு போனது. புகைச் சோதனையிலும் பாஸானது.

நம் ஊர்ப்பக்கம் மேடு என்றால் அந்தப் பாலத்து ஏற்றம்தான். சமதரையிலேயே ஓட்டிப் பார்த்து, நல்லாத்தான் இழுக்குது என்று முடிவு கட்டினோம். பெங்களூர் வழியில் இருக்கிற தொப்பூர் மலையேற்றம் எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்தபோது வாசலில் யாரும் இல்லை. புகை வரவில்லை அல்லவா, நான் வந்தது உங்களுக்குத் தெரியவில்லை. துணி கொடியிலேயே கிடந்தது. உள்ளே நீங்கள் டிவி பார்க்கிற சத்தம் கேட்டது. நான் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கிலேயே உட்கார்ந்திருந்தேன்.

லோடு ஏற்றிக்கொண்டு சேலம் வரைக்கும் பிரச்சினை இல்லை. சேலம் தாண்டி தொப்பூர் ஏற்றம் ஆரம்பிக்கிற இடத்தில், காலை வெயில் ஏறுகிற நேரம், வண்டி திணறியது. முதல் கியரில் போட்டும் நகரவில்லை. முதல் வளைவுக்குள் போவதற்கு முன்பே நின்றுவிட்டது. இறங்கி ஓடி டயருக்கு நானே கல் வைத்தேன்.

டூல் பாக்ஸில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. திருகைப் பழையபடி வைத்தால் வண்டி ஏறிவிடும். கையில் எடுத்தும் விட்டேன். ஆனால் அதற்கப்புறம் பெங்களூர் வரைக்கும் புகைதான். அதை மறுபடி அளவாகக் குறைக்க எனக்குத் தெரியாது, அது மெக்கானிக் கைப்பக்குவத்தில் செய்கிற வேலை. புகை இல்லாமல் ஒரு நடை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஸ்குரூ டிரைவரை உள்ளேயே போட்டுவிட்டேன்.

புது வண்டிகள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றை ஓட்டியவர் எனக்குத் தெரிந்தவர், நல்லூர்ப் பக்கத்துக்காரர். ஒரு காலத்தில் அவரும் நானும் முன்னும் பின்னுமாகப் போய் ஒரே அடுப்பில் சோறு வடித்துத் தின்றவர்கள். வேகத்தைக் குறைத்தார். தலையை வெளியே நீட்டி, "கம்பெனி வண்டி மாமா. நிறுத்துனா கேள்வி கேப்பாங்க" என்றார். நான் போங்க போங்க என்று கை காட்டினேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே போனது தெரிந்தது.

கடைசியில் ஒரே ஒரு வழிதான் தோன்றியது. பாதி ஜாடியை இங்கேயே இறக்கிவிட்டு, மீதியை மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பி வந்து இதை ஏற்றிக்கொண்டு போவது. செய்யலாம். ஆனால் ஆள் நான் ஒருத்தன். மேலே ஒரு குவியல், கீழே ஒரு குவியல் கிடக்கும்போது நான் எந்தக் குவியலோடு இருப்பது?

பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு ஒரு அக்கா டீக்கடை வைத்திருந்தார்கள். நான் ஜாடியை இறக்க இறக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இறக்கி முடித்து, ஜாடிகளையும் மேட்டையும் நான் மாறி மாறிப் பார்த்தபோது அவர்களே சொன்னார்கள்.

"நீ போய்ட்டு வா தம்பி. ஜாடிக்குக் காலா இருக்குது, எந்திரிச்சிப் போறதுக்கு?"

பாதி லோடோடு வண்டி ஏறியது. மேலே சமமான ஓர் இடத்தில் ஒதுக்கி, எல்லாவற்றையும் தனியாகவே இறக்கினேன். அங்கே கடை இல்லை, வீடு இல்லை, ஆள் இல்லை. ரோட்டோரம் வெயிலில் ஜாடிகளை விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தபோது மனசு முழுக்க மேலேயே கிடந்தது. வியர்வையில் வைக்கோல் ஒட்டி உடம்பெல்லாம் அரிப்பு. கீழே அக்கா ஒரு டீ போட்டு வைத்திருந்தார்கள். ஒரு ஜாடியை எடுத்துத் தட்டிப் பார்த்து, "மாங்காய்க்கு நல்லா இருக்கும்" என்று மட்டும் சொன்னார்கள். கேட்கவில்லை, சும்மா சொன்னார்கள். எடுத்துக் கொடுக்க அது என் சரக்கு இல்லை. அடுத்த நடை வரும்போது ஒன்று வாங்கி வந்து தருகிறேன் என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. பாத்துப் போ" என்று சிரித்தார்கள்.

இரண்டாவது பாதியோடு மேலே போனால், குவியல் மேல் குரங்குகள். வைக்கோலை உருவி உருவி விளையாடிக்கொண்டிருந்தன. ஒரு பெரிய குரங்கு ஜாடிக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடவில்லை. நீ எதற்கு இங்கே வந்தாய் என்கிற மாதிரி பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, யாரோடு சிரிக்கிறேன் என்று சுற்றிலும் பார்த்தேன். அழுதேன் என்று எழுதினால் உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். வெயிலில் கண் கூசியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி அடுக்கினேன். அந்தப் பெண்கள் செய்கிற மாதிரியே முழங்காலால் அழுத்தினேன். ஆனால் பாதி வைக்கோல் குரங்கு இறைத்ததில் போய்விட்டது. இருந்ததை வைத்து நிரவினேன். சாயங்காலம் கிளம்பினேன்.

ஓசூர் தாண்டி வண்டியை நிறுத்திச் சோதித்தார்கள். அதிகாரி புகைக்குழாய் பக்கம் குனிந்து, முடுக்கச் சொல்லி, மிஷினைப் பார்த்தார். பழைய வண்டியாக இருந்தாலும் நன்றாக வைத்திருக்கிறாய் என்று சொல்லி அனுப்பினார். இத்தனை வருஷத்தில் என் வண்டியைப் பாராட்டிய ஒரே அதிகாரி அவர்தான். அதைச் சொல்ல பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே என் துண்டும் தண்ணீர் கேனும்தான் இருந்தன.

பெங்களூரில் தார்ப்பாயைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. கீழ் வரிசையில் உடையாததைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வியாபாரி என்னைத் திட்டவில்லை. போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்.

ஊருக்கு வந்து முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பூரைச் சொன்னேன், குரங்கைக்கூடச் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார்.

"உன் மேல தப்பு இல்லப்பா" என்றார். அப்புறம், "வண்டியால முடியல, அவ்ளோதான்" என்றார்.

முழு லோடு ஏற்றினால் மேடு ஏறாது. பாதி ஏற்றினால் ஜாடி நிற்காது. திருகைக் கூட்டினால் ஊருக்குள் விடமாட்டார்கள். மூன்று பக்கமும் அடைத்துவிட்டது. எழுந்தேன். கிளம்பும்போது, அடுத்த நடை உண்டோ இல்லையோ, சொன்ன சொல்லுக்காக ஒரு ஜாடி வாங்கிக்கொண்டேன். மேலே பழுப்பு, கீழே வெள்ளை, மூடி போட்டது. அடுக்குகிற அம்மாவே நல்லதாகப் பொறுக்கி வைக்கோல் சுற்றிக் கொடுத்தது. அன்றைக்கு அது பஸ் கதை எதுவும் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் உள்ளூரில் மண்ணும் ஜல்லியும் ஏற்றிப் பிழைப்பை ஓட்டிப் பார்த்தேன். ஓடவில்லை. விற்றேன். வாங்கியவர் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது பாலத்தில் கறுப்பாகப் புகை விட்டது. திருகை அவர் கூட்டிவிட்டார் போல. நீங்கள் வாசலுக்கு ஓடி வந்து, அப்பா இங்கேதானே நிற்கிறார் என்று குழம்பி என்னைப் பார்த்தீர்கள்.

பிறகு நானும் டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்தேன். புது வண்டி. கறுப்புப் புகையே இல்லை, தொப்பூரில் முழு லோடோடு முனகாமல் ஏறுகிறது. ஜாடியைக் கேபினில் சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஆனால் ஏற்றத்தில் நிறுத்தக் கூடாது என்பது கம்பெனி கட்டளை. நேரம் பார்க்கிறார்கள், நிறுத்தினால் கேட்கிறார்கள். அந்த அக்கா கடை வாசலில் நிற்பது தெரியும், ஹாரன் அடிப்பேன். புது வண்டியில் இருப்பது நான்தான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாலு வழி ரோடு போட ஆரம்பித்தபோது எப்படியாவது நிறுத்திவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். கொட்டகை இருந்த இடத்தில் செம்மண்ணைக் குவித்து வைத்திருந்தார்கள். வேலை செய்தவர்களிடம் கேட்டேன். அப்படி ஒரு கடை இருந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை.

உங்கம்மா சமையல்கட்டில் உப்பு போட்டு வைத்திருக்கிறாளே, அந்த ஜாடிதான். வீட்டுக்கென்று அப்பா வாங்கி வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வாங்கியது நான்தான். ஆனால் அது நம்முடையது இல்லை. எடுக்கும்போது இரண்டு கையாலும் பிடித்து எடுங்கள்.