எட்டு மணிச் சுள்ளி

சாந்தன்பாறைக்கு மேலே, ஏலத்தோட்டத் தொழிலாளர்களுக்கான பன்னிரண்டு வீடுகள் கொண்ட லயம். அதில் ஒரு வீடு கத்தரீனாளுடையது. லயத்துக்குப் பின்னால் புதர் மண்டிய சரிவு. மூன்று கோடையாக அவள் அங்கே ஏறி, காய்ந்த சுள்ளிகளை ஒடித்து, டப்பாவில் இறுக மூடி, ஒடித்த நேரத்தை மேலே எழுதி அனுப்புகிறாள். அதே லயத்தில் பிறந்து கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் ஜிஸ்மி, சுள்ளியை எடைபோட்டு, சூட்டில் உலர்த்தி, மறுபடி எடைபோட்டு ஈரத்தைக் கணக்கிடுவாள். அந்த ஈரத்தை வைத்து, தீ பிடித்தால் எங்கே ஓடும் என்று கம்ப்யூட்டர் வரைந்து காட்டும். அதைப் பார்த்துத்தான், தீ தாண்டாதபடி புதரை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டுவார்கள்.

மதியம் இரண்டு மணிக்கு ஒடிக்க வேண்டும் என்பது விதி. ஏலத்தோட்ட வேலைக்கு நடுவே மதியம் ஏற முடியாததால், இந்தக் கோடையில் அவள் காலை எட்டு மணிக்கே ஒடித்தாள். டப்பாவில் மட்டும் இரண்டு என்று எழுதினாள். சுள்ளி சுள்ளிதானே என்று நினைத்தாள். அதில் பனி இறங்கியிருந்ததை நினைக்கவில்லை.

பிப்ரவரி கடைசியில் ஜிஸ்மி வரைபடத்தைக் காட்டினாள். தீயின் சிவப்பு மேற்குச் சரிவோடு நின்றிருந்தது.

"நம்ம ஓடை எங்கடி?"

"வரைபடத்துல ஒரு கட்டம் நூறு மீட்டர், சித்தி. ஓடை எட்டு மீட்டர்தான். சுத்தி இருக்குற பாறையோட சேந்து பாறையாப் போச்சு."

"தண்ணி வத்தி, ஓடை பூரா காஞ்ச உண்ணிப் புதரு. மனுசன் நுழைய முடியாது, தீ நுழையும்."

"சுள்ளில ஈரம் பதினெட்டு சதவீதம் இருக்கே, தீ பிடிக்காது. உங்க சுள்ளி டீ குடிச்சிட்டில்ல வருது!"

கத்தரீனாள் சிரிக்கவில்லை.

"எல்லாம் காலையில ஒடிச்சது, ஜிஸ்மி. பொய் எழுதிட்டேன்."

"எத்தன நாளா?"

"இருவது நாளா."

ஜிஸ்மி டப்பாவை எடுத்துக்கொண்டு மதிய வெயிலில் சரிவில் ஏறினாள். இரண்டு மணிச் சுள்ளியில் ஈரம் ஒன்பது. கட்டத்தைப் பத்து மீட்டராகச் சுருக்கி, ஒன்பதைப் போட்டதும், சிவப்பு ஓடை வழியே நூலாக இறங்கி லயத்தைத் தொட்டது. அதே கட்டத்தில் ஈரத்தைப் பதின்மூன்றாக்கிப் பார்த்தபோது தீ மேலே பாறையிலேயே நின்றது, பன்னிரண்டாக்கியபோது இறங்கியது.

மேற்கில் கோடு வெட்டிக்கொண்டிருந்தவர்களை ஓடைக்கு அனுப்பினார்கள். ஐந்து நாளில் பாதிதான் முடிந்தது. ஆறாம் நாள் தீ வந்தது. லயத்து ஆட்களை முன்பே கீழே இறக்கியிருந்ததால் உயிர் போகவில்லை. கோடு வெட்டிய இடத்தில் தீ நின்றது. வெட்டாத ஓரமாக இறங்கி, லயத்தின் கடைசி வீடான மிக்கேல்ராஜின் வீட்டை எரித்தது. கத்தரீனாளின் வீட்டில் கரிகூடப் படியவில்லை.

மறுநாள் அவளே போய் மிக்கேல்ராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எரிந்த கூரையின் வளைந்துபோன தகரத்தைப் புரட்டினார்.

"இப்ப எத்தன மணிக்கு ஒடிக்கிற?"

"ரெண்டுக்குண்ணே. தோட்டத்துல மதியம் விடச் சொல்லிக் கேட்டுட்டேன்."

"தகரத்தோட அந்த முனையப் பிடி," என்றார்.