யமுனாவுக்காக ஒரு மனு

யமுனா வேலையில் சேர்ந்த அதே நாளில்தான் நானும் சேர்ந்தேன். 2003ஆம் வருஷம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ், மொத்தமே பதினொரு பேர். அவள் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில், நான் ஆள் எடுக்கும் பிரிவில். இன்று விமான நிலையத்தைத் தாண்டி நாலு மாடிக் கட்டடம், முந்நூற்று நாற்பது பேர். நான் இன்னும் ஆள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். யமுனா, வாடிக்கையாளர் வேலைகளை முடித்துக் கொடுக்கும் டெலிவரி மேனேஜராக இந்த மையத்தில் உயர்ந்தாள். வேலை மொத்தமும் அவள் தலையில், மையத் தலைவர் என்ற பெயர்ப்பலகை மட்டும் வேறொருவர் அறையில்.

அந்த வேறொருவராக மூன்று பேரைப் பார்த்துவிட்டோம். மூவரும் சென்னைத் தலைமை அலுவலகம் அனுப்பி வைத்தவர்கள். வாராவாரம் திங்கள்கிழமை ரயிலில் வந்து வியாழக்கிழமை மாலையே பெட்டியைத் தூக்கிவிடுவார்கள். ஒருவருக்கு வெயில் தாங்கவில்லை, ஒருவர் மனைவிக்கு ஊர் பிடிக்கவில்லை. யமுனா வேலையைச் சொல்லிக்கொடுத்து முடிக்கவும், அவர்கள் ஒரேயடியாகக் கிளம்பவும் சரியாக இருக்கும். அவளும் சிரித்துக்கொண்டே பூச்செண்டு கொடுத்து அனுப்புவாள். பக்கத்தில் நின்று கைதட்டும் எனக்குத்தான் வயிறு எரியும்.

"நீ வாயைத் திறந்து கேட்டா என்ன?" என்பேன்.

"செய்யற வேலை கண்ணுக்குத் தெரியுதுல்ல பெலிண்டா? அவங்களே குடுப்பாங்க."

எத்தனை வருஷம் கேட்டாலும் இதே பதில். இவ்வளவு படித்தவளுக்கு இது புரியவில்லையே என்று பலமுறை சண்டை போட்டிருக்கிறேன்.

அவள் செய்த வேலை என்ன என்று சொல்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்கள் அமெரிக்க மருத்துவமனைகள். அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு இரவு. நைட் ஷிப்டுக்கு வரப் பெண்கள் தயாராக இருந்தார்கள், அவர்களுடைய அப்பாக்கள்தான் விடவில்லை. யமுனா தொட்டியத்தில் வாழைத் தோட்டக்காரர் வீட்டில் வளர்ந்தவள். அப்பாக்களின் பயம் அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை தோறும் லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி என்று வீடு வீடாகப் போனாள். கேப் எந்த வழியாக வரும், டிரைவர் யார், கூட வரும் காவலர் யார் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, தன் சொந்த நம்பரையும் கொடுத்துவிட்டு வருவாள். "எப்ப வேணா கூப்பிடுங்க, நான் எடுப்பேன்."

அப்படி எண்பத்தாறு பெண்களைக் கொண்டுவந்தாள். கூடவே எண்பத்தாறு அப்பாக்களும் வந்து சேர்ந்தார்கள். கேப் பத்து நிமிஷம் தாமதமா, போன். மழை தூறுகிறதா, போன். "உங்க கம்பெனியில நல்ல பையனா ஒருத்தன் இருந்தா சொல்லுங்க மேடம்" என்று அதற்கும் ஒரு போன். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு அவளால் கோயில் வரிசையில் முழுதாக ஒரு தடவை நின்று சேவிக்க முடிந்ததில்லை. பாதியில் ஓரமாக ஒதுங்கி, "அண்ணே, கேப் கொள்ளிடம் பாலத்துல நிக்குதாம், வந்துடும்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். வருஷாந்திர மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. அந்தப் படிவத்தை விநியோகிப்பவள் நான், அதனால் சொல்கிறேன்.

இந்த வருஷம் மூன்றாவது மனிதரும் கிளம்பினார். இந்த முறை யமுனாதான் என்று சென்னையிலேயே பேச்சு. துணைத் தலைவர் சித்தார்த்தன் நேரில் வந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. அந்த வாரம் யமுனா புதிதாக ஒரு புடவை எடுத்தாள். கேட்டபோது, ஆடித் தள்ளுபடி என்று மழுப்பினாள்.

சித்தார்த்தன் வந்த செவ்வாய்க்கிழமை காலை கேட்டிலிருந்து செக்யூரிட்டி என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் வெள்ளை வேட்டியில் ஏழு பேர். நடுவில், கையில் ஒரு கவரோடு மண்ணச்சநல்லூர் வீரமலை. எங்கள் நைட் ஷிப்டில் வேலை பார்க்கும் ரஞ்சனியின் அப்பா. சித்தார்த்தனின் காரும் அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளே வர வேண்டுமா? அவர் இறங்கியதும் வீரமலை இரண்டு கையாலும் கவரை நீட்டினார்.

கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை கொடுப்பார்களே, அதே மாதிரி மனு. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறையாக இருந்தது. அடியில் முப்பத்தோரு கையெழுத்து, இரண்டு கைநாட்டு. அதை எடுத்துக்கொண்டு யமுனா இருந்த அறைக்கு வந்து சித்தார்த்தன் உரக்கவே படித்தார்: "எங்கள் பிள்ளைகளின் பாதுகாப்பை முன்னிட்டு, மேற்படி யமுனா மேடம் அவர்களைப் பதவி உயர்வின் பேரில் வெளியூருக்கு மாற்றாமல், தற்போதுள்ள பொறுப்பிலேயே தொடர்ந்து பணியாற்ற ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

நடந்தது என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது. மேடத்துக்குப் பிரமோஷன் என்று ரஞ்சனி வீட்டில் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். வீரமலைக்குத் தெரிந்த பிரமோஷன் எல்லாம் சர்க்கார் பிரமோஷன். நல்ல தாசில்தார் வருவார், பிரமோஷன் ஆகும், அடுத்த வாரமே வேறு ஜில்லாவுக்கு மாற்றிவிடுவார்கள். உடனே ஊர் கூடி மனு கொடுக்கும். பாவி மனுஷர், அதையேதான் இங்கேயும் செய்திருக்கிறார்!

"பாருங்க யமுனா, எவ்வளவு மரியாதை வச்சிருக்காங்க உங்க மேல!" என்றார் சித்தார்த்தன். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இந்த இடத்துலேர்ந்து உங்களை எப்படி நகர்த்துறது, சொல்லுங்க?"

அவளுக்குப் பதவியை மறுக்க அவர் தேடிக்கொண்டிருந்த காரணத்தை இவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

"அவங்க தெரியாம எழுதிட்டாங்க சார்" என்றாள் யமுனா. "தெரிஞ்சு நான் கேக்கறேன். மையத் தலைவர் பதவி எனக்கு வேணும்."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. சித்தார்த்தன் மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பேசலாம்" என்றார்.

கீழே ரஞ்சனி அவள் அப்பாவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். "மேடம் எங்கேயும் போகலப்பா! இந்த ஆபீசுக்கே தலைவரா ஆக இருந்தாங்க!" வீரமலை என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "பெரிய அதிகாரியானா ஊரு மாத்த மாட்டாங்களா? அப்ப வேற மனு எழுதியாந்துடறோம் மேடம்" என்றார் என்னிடம். அவரைத் திட்டவும் முடியவில்லை, சும்மா விடவும் மனசில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

இரண்டு வாரத்தில் மின்னஞ்சல் வந்தது. புனேயிலிருந்து ஒருவர் மையத் தலைவராக வருகிறார். ஊழியர் குடும்பங்களின் வேண்டுகோளை மதித்து யமுனா தற்போதைய பொறுப்பில் தொடர்வார், புதியவருக்கு வேலையைக் கற்றுக்கொடுப்பார். படித்துவிட்டு யமுனா ராஜினாமா எழுதினாள். ஆள் எடுப்பவள்தானே நான், அந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதும் நான்தான். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடும்போது எனக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

அவளுடைய கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு இருவரும் கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், வீரமலை பேசறேன். புது சாரு போனையே எடுக்க மாட்டேங்கறாரு. பொண்ணு ஷிப்டுக்குக் கிளம்பி நிக்குது. நீங்க இல்லாத ஆபீசுக்கு அனுப்பலாமா, வேண்டாமா?"

யமுனா காபியைத் தள்ளி வைத்தாள்.

"ரஞ்சனிக்கு என்ன வயசாகுதுண்ணே?"

"வர்ற தையில இருபத்தேழு."

"அமெரிக்காவுல மூணு ஆஸ்பத்திரி அவ பதிலுக்குக் காத்துக்கிட்டு நிக்குது. போகலாமா வேண்டாமான்னு அவளையே கேளுங்க."

"அவளையா?"

"ஆமாண்ணே. இத்தனை வருஷம் அவளைக் கேக்காம உங்களையே கேட்டுக்கிட்டிருந்தேன். அது என் தப்பு."

அவர் வீட்டுக்குள் திரும்பிக் கூப்பிடுவது கேட்டது.

"ரஞ்சனி, இங்க வாம்மா. உனக்குப் போகணுமா?"