வளையைப் பார்த்து நண்டைச் சொன்னவன்

நான் பொய் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம்தான். அதில் என் பக்கத்துக் குளத்துக்காரன் சிக்கந்தரின் பிழைப்பு போயிற்று. மருந்து போட்டவன் நான். பெயர் கெட்டது அவனுக்கு.

மாதா கோயிலில் பாவம் சொல்லச் சாமியார் முன்னால் முழங்காலிட்டு, குடித்ததைச் சொல்லியிருக்கிறேன், கோபத்தில் கை நீட்டியதைச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது... அது ஒரு வசதி.

என்னைப் பற்றிச் சொல்வதில் எனக்கு எப்போதும் கூச்சம் கிடையாது. தங்கச்சிமடத்தில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன். சேற்றில் வெறுங்கையால் நண்டு பிடித்து ஆரம்பித்து, இன்று புதுமடம் போகிற வழியில் பதினான்கு இறால் குளத்துக்குச் சொந்தக்காரன். எவனும் என்னைத் தூக்கிவிடவில்லை.

வளையைப் பார்த்தே உள்ளே இருப்பவனைச் சொல்வேன். வாய் உருண்டையாக, வழவழவென்று இருந்தால் விலாங்கு, கை விடக்கூடாது. தட்டையாக அகன்று, ஓரத்தில் கீறல் இருந்தால் நண்டு. கீறல் எந்தப் பக்கம் ஆழமோ அந்தப் பக்கம் பெரிய கொடுக்கு. இந்தக் கரையில் இதில் என்னை வென்றவன் இல்லை. இதைப் படிக்கிற யாராவது இருந்தால் வரட்டும்.

சில வருடங்களுக்கு முன்னால் கௌசல்யா என்ற பெண் வந்தாள். பரமக்குடிப் பக்கம். பல்கலைக்கழகத்தில் கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். என் குளத்துத் தண்ணீரும் சிக்கந்தரின் இரண்டு குளத்துத் தண்ணீரும் ஒரே வாய்க்காலில்தான் கடலுக்குப் போகும். அந்த வாய்க்கால் சேற்றைக் கேட்டாள். இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தேன். சேறுதானே என்று நினைத்தேன்.

ஒரு வருடம் கழித்து, தன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து பார்க்கக் கூப்பிட்டாள். கருவாட்டுப் பொட்டலத்தோடு போனேன். பூதக்கண்ணாடிக் கருவியில் கண்ணை வைக்கச் சொன்னாள். ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் உப்புக்கல் போலச் சில துணுக்குகள். ஆனால் எந்த உப்பளத்திலும் அப்படி ஒரு கல்லை நான் கண்டதில்லை. ஒவ்வொரு முனையும் உளி வைத்துச் செதுக்கியது போல...

"உப்பாம்மா?"

"உப்பு இல்ல அய்யா. உங்க வாய்க்கால் கிருமியோட புரதம். கிருமிக்குள்ள வேலை பாக்குற ஆளுன்னு வச்சுக்கங்க. இந்த ஆளு என்ன வேலை பாக்குறான்னு உலகத்துல யாருக்கும் தெரியாது."

"கேட்டுப் பாக்க வேண்டியதுதான?"

சிரித்தாள். "வாயில்லையே. அதான் உருவத்தப் பாத்துக் கண்டுபிடிக்கணும். அருவாளப் பாத்தா அறுக்கன்னு தெரியுது, அகப்பையப் பாத்தா அள்ளன்னு தெரியுது, அது மாதிரி."

அதற்கு ஏன் கல்லாக்க வேண்டும் என்று கேட்டேன். ஒன்று தனியாக நின்றால் எந்த ஒளிக்கும் தெரியாதாம். கோடிக்கணக்கில் ஒரே திசை பார்த்து வரிசையாக நின்றால்தான் எக்ஸ்ரே பட்டுச் சிதறி உருவத்தைச் சொல்லுமாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பெருநாள் தொழுகையின்போது கடலில் இருந்து புதுமடத்தைப் பார்த்திருக்கிறேன். கரையில் ஓர் ஆள் குனிந்தால் படகில் இருப்பவனுக்குத் தெரியாது. வரிசை முழுதும் ஒன்றாகக் குனியும்போது வெள்ளை அலை ஒன்று தரையில் எழுந்து படிவது போலத் தெரியும். அந்த வரிசையில் சிக்கந்தரும் நிற்பான்.

இதைச் சொன்னேன். அந்தப் பெண் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டாள். மூன்றாம் வகுப்புக்காரன் சொன்னதை!

அப்புறம் கணினியில் அந்தப் புரதத்தின் உருவத்தைக் காட்டினாள். மேடும் பள்ளமுமாக ஒரு பாறை. நடுவில் ஒரு வளை.

"இங்கனதான் வேலை நடக்குது அய்யா. இதுக்குள்ள என்ன வந்து உக்காரும்னுதான் மண்டையப் பிச்சுக்கிட்டு இருக்கோம்."

திருப்பச் சொன்னேன். இன்னும் திருப்பச் சொன்னேன். சேற்றில் நிற்பது போலவே இருந்தது. "வாய் குறுகலு. உள்ள போகப் போக ஒரு வளைவு. கடைசியில பக்கத்துக்குப் பக்கமா ரெண்டு குழி. குடியிருக்குறவன் நீளமானவன்மா. வால்ல குமிழ் மாதிரி ரெண்டு முட்டு வச்சிருப்பான்."

அவளுடைய பேராசிரியர் எழுந்து வந்து என்னைப் பார்த்தார். ஊர் திரும்பி ஒரு மாதம் நான் தரையில் நடக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து என் பண்ணைக்கே வந்தாள். அறுவடை நடந்துகொண்டிருந்தது. இறால் எடுக்கிற ஏஜென்ட் தராசுப் பக்கத்தில் நின்றிருந்தார். கௌசல்யா ஒரு படத்தை விரித்தாள். அதே வளை. உள்ளே ஒரு பொருள் உட்கார்ந்திருந்தது. நீளமாக, வாலில் இரண்டு பச்சை முட்டுகளோடு... குழிக்கு ஒன்றாக.

"நீங்க சொன்ன மாதிரியே அய்யா. இது ஒரு மருந்து. கிருமியக் கொல்ற மருந்து. இந்தப் புரதம் அதப் பிடிச்சு, அது மேல ஒண்ண ஒட்டி விட்டுருது. அப்புறம் மருந்தால ஒண்ணும் செய்ய முடியாது."

கொடுக்கைக் கட்டிவிட்ட நண்டு! எத்தனை ஆயிரம் நண்டுக்கு நான் சணலால் கட்டியிருக்கிறேன். கட்டிவிட்டால் அது இருந்தும் இல்லாதது. கண்ணில்லாத, கையில்லாத ஒரு கிருமி என் காலடிச் சேற்றில் கிடந்து அதையே செய்திருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயமா, பக்தியா? இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவள் மருந்தின் பெயரைச் சொன்னாள். நான் எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே ஒருவன் தேடிப் போவான். இறாலுக்குப் போடக் கூடாதென்று அரசாங்கம் தடுத்த மருந்து. என் கொட்டகையில், தீவன மூட்டைக்குப் பின்னால் இருந்த மருந்து. நோய் வந்து ஒரு குளம் செத்த வருடத்தில் ஆரம்பித்தேன். பிறகு நோய் வராமலிருக்கப் போட்டேன். பிறகு பழக்கத்தில் போட்டேன். என் கையாலேயே, யாரும் பார்க்காமல் தீவனத்தில் பிசைந்தேன்.

"வருசக்கணக்கா இந்த மருந்து வந்து விழுகுற இடத்துலதான் இந்தக் கிருமி இம்புட்டுப் பெருகும். நீங்க போட்டீங்களா அய்யா? நான் எழுதுறதுல யார் பேரும் வராது. எனக்கு உண்மை தெரிஞ்சாப் போதும்."

பெயர் வராது என்றாள். கேட்டீர்களா? பெயர் வராது! ஆனால் ஏஜென்டின் கை தராசில் அப்படியே நின்றுவிட்டது.

"நானா? எனக்கு எதுக்கும்மா மருந்து? சிக்கந்தரு குளத்துத் தண்ணியும் அந்த வாய்க்கால்லதான வருது."

இதுதான் அந்த வாக்கியம். அதன் பின்பாதியில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. என் கெட்டிக்காரத்தனம் அது.

கௌசல்யா என்னை நிமிர்ந்து பார்த்தாள். படத்தைச் சுருட்டினாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

ஏஜென்ட் அடுத்த அறுவடைக்குச் சிக்கந்தரின் இறாலை எடுக்கவில்லை. அவர் எடுக்காததை யாரும் எடுக்கவில்லை. சவூதியில் இருபது வருடம் லாரி ஓட்டிச் சேர்த்ததைத்தான் அவன் அந்த இரண்டு குளத்தில் போட்டிருந்தான். ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி விசா எடுத்தான்.

போகிறதுக்கு முன்னால் சொல்லிக்கொள்ள வந்தான். செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு நின்றான்.

"அண்ணே, அல்லா மேல ஆணையா நான் அந்த மருந்தக் கண்ணால பாத்ததில்ல. ஊரே பேசுது, பேசட்டும். நீங்களாச்சும் நம்புறீகளா?"

"நம்புறேன்லே," என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. "இது போதும்ண்ணே. நிம்மதியாப் போறேன்."

அன்றைக்கு அவனை நம்பிய ஒரே ஆள் நான்தான். அவன் போடவில்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

மிச்சமிருந்த மருந்தைக் குழி வெட்டிப் புதைத்தேன். அதற்கு என்ன பயன்? கிருமி கற்றதை மறக்குமா?

கௌசல்யாவின் கட்டுரை அச்சில் வந்தது. தபாலில் ஒரு பிரதி வந்தது. கடிதம் எதுவும் இல்லை. கடைசிப் பக்கத்தில், வளையைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் என்று எனக்கு நன்றி சொல்லியிருப்பதாகப் பேரன் படித்துச் சொன்னான். கண்ணாடிச் சட்டம் போட்டு இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். வருகிறவர்களிடம் எல்லாம் கதையைச் சொல்கிறேன். வாலில் இரண்டு முட்டு என்று நான் சொன்ன இடம் வரைக்கும். அதோடு காபி வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சிக்கந்தர் போன் செய்வான்.

"அண்ணே, என் குளத்து வரப்பு எப்படி இருக்கு?"

"நண்டு வளை போட்டிருக்குடா."

"அடைச்சு விடுங்கண்ணே. திரும்பி வந்தா வேணுமில்ல."

சனிக்கிழமை காலையில் போகிறேன். ஆள் வைத்துக்கொள்வதில்லை. முழங்காலிட்டு, களிமண்ணை உருட்டி ஒவ்வொரு வாயாக அடைக்கிறேன். ஒவ்வொன்றிலும் குடியிருப்பவன் யார், அவனுக்கு எந்தக் கொடுக்கு பெரியது... எல்லாம் எனக்குத் தெரிகிறது.

அடுத்த சனிக்கிழமை போனால் எல்லா வளையும் திறந்திருக்கிறது.