பிழை பார்ப்பவள் வீட்டுக் கட்டுரை

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்ததும், அந்த வீட்டில் அம்மா செய்த முதல் காரியம், கடிதத்தில் இருந்த மூன்று பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்தியதுதான். அதற்கப்புறம்தான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாள். பார்த்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவள் ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்துபவள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள், ரயில் அட்டவணை, பாடப்புத்தகம் எல்லாம் கட்டுக்கட்டாக வீட்டுக்கே வந்துவிடும். சாப்பாட்டு மேசையில் இந்தப் பக்கம் தட்டு, அந்தப் பக்கம் தாள். பேனா எப்போதும் கொண்டையில் செருகியிருக்கும். மாடிப்படியில் ஒட்டிய அறிவிப்பைக்கூட அவள் விட்டுவைக்காததால் அக்கம்பக்கத்தில் அவளுக்குச் 'சிவப்புப் பேனா' என்றே பெயர். கேட்டால் கோபித்துக்கொள்வதுபோல முகத்தை வைத்துக்கொள்வாள். உள்ளுக்குள் பெருமைதான்.

கணவர் பேருந்து ஓட்டுநர். வேலை மாறி இந்த ஊருக்கு வந்தபோது படிப்பு ஆண்டு பாதி ஓடியிருந்தது. இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் பள்ளியில் இடமில்லை, நான்கு மாதம் வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள், பிறகு பார்த்துச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்படிப் பார்க்கிற நாள்தான் வெள்ளிக்கிழமை. பெரியவள் யார் துணையுமில்லாமல் ஒரு பக்கம் கட்டுரை எழுதிவிட்டால் ஐந்தாம் வகுப்பு. எழுதாவிட்டால் நான்காம் வகுப்பு. அவளைவிட ஒரு வயது சின்னவளான தங்கை போகப்போவதும் அதே நான்காம் வகுப்பு.

"ஒரே பெஞ்சுல உக்காரலாம்க்கா," என்றாள் சின்னவள், சந்தோஷம் தாங்காமல்.

பெரியவள் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இலக்கணத்தில் அவளை அசைக்க முடியாது. அம்மா சொல்லிக்கொடுத்த விதம் அப்படி. வீணான அச்சுத்தாள்களைச் சொல் சொல்லாகக் கத்தரித்துக் கூடைக்குள் கொட்டியிருப்பாள். கூடத்தில் துணிக்கொடி கட்டியிருக்கும். அம்மா ஒன்று, இரண்டு என்று எண்ண, இரண்டு பேரும் ஓடி ஓடிச் சொற்களைப் பொறுக்கித் துணிக்கிளிப்பால் கொடியில் மாட்டி வாக்கியம் கட்டவேண்டும். எழுவாய் ஜன்னல் பக்கம், பயனிலை கதவுப் பக்கம். கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்து, இங்கே என்ன விளையாட்டு நடக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார். பிழை திருத்தும் குறிகளும் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். கோடு போட்டால் எடுத்துவிடு என்று பொருள். அடித்ததன் அடியில் வரிசையாகப் புள்ளி வைத்தால், அடித்தது தவறு, அது இருந்தபடியே இருக்கட்டும் என்று பொருள். இந்தக் கடைசிக் குறியை அம்மா போட்டு யாரும் பார்த்ததில்லை. அவள் அடித்தால் அடித்ததுதான்.

வெறுந்தாளைக் கொடுத்தால்தான் பெரியவளுக்கு வினை. இரண்டு வரி எழுதுவாள், அடிப்பாள். மூன்றாவது வரி எழுதும்போதே தோளுக்குப் பின்னாலிருந்து, "ஒற்று எங்கடி?" என்று குரல் வரும். பேனா நின்றுவிடும்.

புதன்கிழமை எப்படியோ எட்டு வரி எழுதிவிட்டாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பதினான்கு இடத்தில் திருத்தம் போட்டு, கணவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தாளை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"எட்டு வரிங்க. முழுசா எட்டு வரி."

"அட. எதைப் பத்தி?"

அம்மாவுக்குப் பதினான்கு பிழையும் வரிசையாக நினைவில் இருந்தன. எதைப் பற்றி என்றால்? பொருளுக்குள் போனால் பிழை தப்பிவிடும் என்று, எழுத்து எழுத்தாகப் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு.

"பிழை பாத்தேங்க. அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

"நான் வண்டி ஓட்டும்போது நீ பக்கத்துல உக்காந்து பிரேக்கு பிரேக்குன்னு சொன்னா, வண்டி டிப்போவ விட்டே கெளம்பாது," என்று அவர் சிரித்தார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரியவள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். கூடத்துக் கொடியைப் பார்த்து, "நல்லா இருக்கே," என்றார். தலைப்பைச் சொன்னார்: எங்கள் வீடு. நேரம் முப்பது நிமிடம். "அம்மா மட்டும் கூடத்துல இல்லாம உள்ள இருக்கணும்."

அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். சின்னவள் கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்துச் செய்தி வாசித்தாள்.

"எழுதறா. நிறுத்திட்டா. அடிக்கிறாம்மா."

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மறுபடி எழுதறா. வேகமா எழுதறா. பக்கத்தத் திருப்பிட்டா!"

அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு அந்தச் சின்னச் சமையலறையில் நான்கு அடி போனாள், நான்கு அடி வந்தாள். நேரம் முடிந்ததும் அதிகாரி தாளை வாங்கிப் படித்தார். ஓரிடத்தில் சிரித்தார். ஓரிடத்தில் நின்றார்.

"அம்மா, கொஞ்சம் வாங்க. இந்த வரிய அடிச்சிருக்கா, அடியில புள்ளி புள்ளியா வச்சிருக்கா. என்ன இது?"

அம்மா குனிந்து பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் கண் ஓர் எழுத்திலும் நிற்காமல் நேரே பொருளுக்குள் போய் விழுந்தது. 'புதன்கிழமையே இதை எழுதினேன். எங்கள் அம்மா நான் எழுதியதை எல்லாம் திருத்துவாள். ஒன்றைக்கூடப் படித்ததில்லை.' அதன்மேல் ஒரு கோடு. கீழே ஒழுங்கான புள்ளிகள்.

பெரியவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிச்சது தப்புன்னு அர்த்தம் மேடம்," என்றாள் அம்மா. "அந்த வரி அப்படியே இருக்கணும்."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அஞ்சாம் வகுப்பு," என்று குறித்துக்கொண்டார். "தாள நீங்களே வச்சுக்குங்க."

அவர் படியிறங்குவதற்குள் சின்னவள் குதியாட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தாள். எங்கள் வீட்டில் பாதி அப்பாவின் பேருந்துதான் என்று தொடங்கியிருந்தது. அந்தப் பேருந்தில் யாரோ ஒற்றைச் செருப்பை விட்டுப் போனது. அப்பா அதைத் தினமும் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தது. ஏறுகிறவர்களின் கால்களை எல்லாம் அவர் கண்ணாடியில் பார்த்தது. பக்கத்தைத் திருப்பினாள். மழையில் ஒரு பெண் கை காட்டினாள், வண்டி நின்றது, அவள் படியில் ஏறினாள். 'அவள் காலில்' என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது.

அம்மா அந்த வரிக்குக் கீழே பார்த்தாள். காலி.

"கால்ல என்னடி?"

"மணி ஆயிடுச்சும்மா."

"அதெல்லாம் தெரியாது. கால்ல செருப்பு இருந்துச்சா, இல்லையா? அவதானா?"

பெரியவள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அவளுக்குக் குறும்பாக ஒரு சிரிப்பு வந்தது. "சொல்ல மாட்டேன். எழுதித்தான் தருவேன்."

"எழுது. இப்பவே எழுது," என்று அம்மா கொண்டையிலிருந்த பேனாவை உருவி அவள் கையில் திணித்தாள். பிறகு ஞாபகம் வந்தவளாக எழுந்து, அவள் தோளுக்குப் பின்னால் நிற்காமல், மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.