அமெரிக்கா போகும் யுகாத்தா

ஊசி பிடித்த கை அசைவதில்லை. நீலத் துணிதான் மடிந்து மடிந்து ஊசியைத் தேடி வருகிறது. சட்டென்று இரண்டு கைகளும் நிற்கின்றன. தைத்து முடித்த கைப்பகுதியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, அத்தனை தையலையும் பிரிக்கின்றன. கயானோவுக்கு என்று எடுத்த துணியைத் தன் கை அளவுக்கே தைத்திருக்கிறாள் தொமோயே.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஜப்பானின் ஹமமாத்ஸு நகரில், தாய் மட்டுமே வளர்க்கும் பிள்ளைகளுக்கு மாலைச் சாப்பாடு போடும் சிறிய அமைப்பு ஒன்றில் தொடக்கத்திலிருந்தே வேலை. எதை நீட்டினாலும் முதலில் மறுத்துவிடுவாள். தேநீர் என்றால், "அய்யய்யோ, எனக்கெதுக்கு?" இன்னொரு தடவை சொன்னால் வாங்கிக்கொள்வாள். ஊரே அப்படித்தான். முதல் தடவையே கை நீட்டுகிறவரைக் காணாததைக் கண்டவர் என்று நினைப்பார்கள்.

வசந்தத்தில் ஒருநாள் தலைவி இவாசே அவளைக் கூப்பிட்டார். தொண்டு அமைப்புகளில் வேலை பார்க்கும் ஜப்பானியப் பெண்களுக்கு அமெரிக்காவில் நான்கு வாரத் தலைமைப் பயிற்சி. இங்கிருந்து ஒருவரை அனுப்பலாம்.

"தொமோயே, நீங்க போறீங்களா?"

நெஞ்சு குதித்தது. வாய் மட்டும் பழக்கப்படி, "அய்யய்யோ, எனக்கெதுக்கு மேடம்? சின்னவங்க யாராவது போகட்டும்" என்றது. தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள்.

இவாசே பாதி ஆயுளை வெளிநாட்டில் கழித்தவர். "சரி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கயானோவைக் கூப்பிட்டார். நேற்று வந்த பெண். கேள்வி முடிவதற்குள், "போறேன் மேடம்!" என்றாள்.

அன்றிலிருந்து கயானோ வைக்கும் சூப்பில் தொமோயேவுக்கு உப்புக் கரிக்கிறது. அவள் சிரித்தால் காது குடைகிறது. வெங்காயம் நறுக்கும்போது, அங்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டிய ஆங்கில அறிமுகத்தை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள்.

உடன் சமைக்கும் மினேகோ விடுவதாக இல்லை. "ஏண்டி, போறேன்னு வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"ரெண்டாவது தடவ கேக்க வேணாமா? என்ன மனுஷி அவங்க!"

"வேணும்னா வேணும்னு சொல்லத்தான் அங்க கத்துக் குடுக்கறாங்களாம்."

"இதுக்குப் போயி அமெரிக்கா போகணுமாக்கும்?"

"நீ போகணும்!"

பயிற்சியின் கடைசி நாள் விருந்துக்கு அவரவர் ஊர் உடை உடுத்த வேண்டுமாம். யுகாத்தா என்னும் பருத்திக் கிமோனோ தைக்க, கயானோ நீலத் துணியோடு வந்து நின்றாள். "அக்கா, நீங்க தச்சாதான் எனக்கு ஒழுங்கா நிக்கும்."

"அய்யய்யோ, எனக்கு எங்க அவ்வளவு நல்லா வருது?"

முறை தெரிந்த பெண். "அப்படிச் சொல்லாதீங்கக்கா" என்று இன்னொரு தடவை கேட்டாள். அதுதான் தொமோயேவுக்கு இன்னும் எரிந்தது.

கயானோ கிளம்பும் முந்தின நாள் யுகாத்தா தயாரானது. கை நீளம் இப்போது கயானோவுக்கு மயிரிழை பிசகாது. மடிப்பு கலையாமல் காகிதத்தில் சுற்றி, இரண்டு கைகளாலும் நீட்டினாள். கயானோ குனிந்து வணங்கி, இரண்டு கைகளாலும் வாங்கினாள்.

பொட்டலம் வரவில்லை. மறுமுனையில் தொமோயேயின் விரல்கள் வெளுத்திருந்தன. கயானோ நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக இன்னொரு தடவை இழுத்தாள்.

தொமோயே விட்டாள்.