சல்மாவின் வெளிச்சம்

ஓசூரில் எங்கள் கம்பெனி ஆண்டு விழா இரவில் நடந்தது. நானும் உடன் வேலை செய்யும் சல்மாவும் படம் எடுத்தோம். அவள் படங்களில் முகமும் தெளிவு, பின்னால் சீரியல் லைட்டும் ஜொலித்தது. என் படங்களில் முகத்துக்குப் பின்னால் ஒரே இருட்டு. எனக்கு வயிறு எரிந்தது.

திடீரென்று கவனித்தேன். நான் கிளிக் செய்தாலும், அவள் ஸ்டாண்டில் வைத்திருந்த பிளாஷ் அடித்தது. பிளாஷை அடிக்க வைக்க கேமராவில் மாட்டும் ரிமோட், இருவருடையதும் ஒரே சேனலில் இருந்தது. அவளிடம் சொல்லாமல், அவள் பிளாஷின் பேட்டரி தீரட்டும் என்றே பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

அவளே வந்தாள். "என் பிளாஷ் உங்களுக்கும் அடிக்குதுண்ணா. பரவால்ல, அதையே வெச்சிக்கங்க. ஷட்டர் ஸ்பீடை மட்டும் கொறைங்க, பின்னாடி லைட்டெல்லாம் வந்துடும்."

வந்தது. நோட்டீஸ் போர்டில் என் படத்தைத்தான் ஒட்டினார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் வயிறு இன்னும் எரிகிறது. கீழே இருக்கும் பெயர் மட்டும்தான் என்னுடையது.